பினாங்கில் நான்கு ராத்திரி: எங்கே குடிப்பது, எங்கே நடப்பது, எங்கே சாப்பிட்டு முடிப்பது

கேள்வி இதுதான். சென்னையிலிருந்து மூன்று நண்பர்கள் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போகிறார்கள். அதன் தலைநகரான ஜார்ஜ் டவுனில் லவ் லேன் பக்கம் ஒரு ஹாஸ்டலில் நான்கு ராத்திரி தங்கல். இரண்டு பேர் குடிப்பார்கள், ஒருவர் தொடவே மாட்டார். இன்ஸ்டாகிராம் பார்த்துப் பத்து பார் குறித்து வைத்திருக்கிறார்களாம். எதற்குப் போகலாம், ராத்திரிக்கு எவ்வளவு ஆகும், பாதுகாப்பா, குடிக்காதவர் என்ன செய்வார் என்று கேட்கிறார்கள்.

பயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் நான். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்தால் ஜார்ஜ் டவுனுக்கு பஸ் ஏறுவோம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், அந்தப் பத்து பார் கொண்ட பட்டியலில் எட்டை அடித்துவிடுங்கள். மலேசியாவில் சரக்கு விலை அதிகம். பினாங்கில் மற்றதெல்லாம், அதாவது சாப்பாடு, நடை, பாட்டு, வேடிக்கை, மலிவு அல்லது இலவசம். இது புரியாமல் போகிறவர்கள் இரண்டாம் நாளே பர்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு ஹாஸ்டல் மாடியில் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஏன் விலை என்பதை ஒரு கேன் பீரை வைத்துப் பார்த்துவிடலாம். 2016-இல் மலேசியா மதுவரியைத் திருத்தியபோது பீருக்கு, அதில் இருக்கும் சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 175 ரிங்கிட் என்று வைத்தார்கள். 2025 நவம்பரில் அதன்மேல் இன்னும் 10 சதவீதம் ஏற்றினார்கள். அங்கே டைகர், கார்ல்ஸ்பெர்க் கேன் 320 மில்லி. 5 சதவீதம் என்றால் உள்ளே 16 மில்லி ஆல்கஹால். கணக்குப் போட்டால் ஒரு கேனுக்கு வரி மட்டும் 3 ரிங்கிட்டுக்கு மேல். ரிங்கிட் ஒன்றுக்கு 20 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொண்டால், கம்பெனி பீரைக் காய்ச்சுவதற்கு முன்பே 60 ரூபாய் போய்விட்டது. அதன்மேல் கடைக்காரர் லாபம், பார் வாடகை, ஏசி, பாட்டுக்காரன் சம்பளம். அதனால்தான் மளிகைக் கடையில் 8, 10 ரிங்கிட்டுக்குக் கிடைப்பது, பாரில் ஒரு பைண்ட், அதாவது பெரிய கிளாஸ், 25 பக்கம் போகிறது. காக்டெயில் 35-லிருந்து 50 வரை.

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் கவனியுங்கள். 'பிளஸ் பிளஸ்' என்பார்கள். 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 6 சதவீதம் சேவை வரி. 40 ரிங்கிட் காக்டெயில் பில்லில் 46-ஐத் தாண்டிவிடும். அதற்குமேல் டிப்ஸ் வைக்கும் வழக்கம் அங்கே இல்லை.

சரி, முதல் ராத்திரி. சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஈ அண்ட் ஓ ஹோட்டலுக்குப் போங்கள். ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் என்பது முழுப்பெயர். 1885-இல் சார்க்கீஸ் சகோதரர்கள் என்ற ஆர்மீனியர்கள் தொடங்கியது. சிங்கப்பூர் ராஃபிள்ஸ், ரங்கூன் ஸ்ட்ராண்ட் எல்லாம் பின்னால் அதே குடும்பம் கட்டியதுதான். அங்கே தங்க நம்மால் ஆகாது, ஆனால் கடலைப் பார்த்து உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிக்க ஆகும். ஒன்றே ஒன்று. செருப்பு, அரை டிராயர் வேண்டாம். குடிக்காத நண்பருக்கு லைம் ஜூஸ். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் உட்கார்ந்த இடத்தில் மூன்று பேரும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்து வாருங்கள்.

ஹோட்டலுக்கு எதிரே அப்பர் பினாங்கு ரோடு. கிளப், டிஜே, வாசலில் நின்று கூப்பிடும் ஆட்கள். சனிக்கிழமை பெரிய சத்தம். எனக்கு அந்தத் தெரு பிடித்ததில்லை. பாங்காக்கிலும் அதுதான், பாலியிலும் அதுதான், அதற்குப் பினாங்கு வரை போக வேண்டாம்.

அங்கிருந்து ஐந்து நிமிஷ நடையில் லீத் தெருவில் ரெட் கார்டன். நீலமாளிகை என்ற பழைய சீன மாளிகைக்குப் பக்கத்தில் சாயங்காலம்தான் உயிர் வரும் ஒரு பெரிய சாப்பாட்டுத் திடல். சுற்றிலும் கடைகள், நடுவில் மேஜைகள், ஒரு மேடை. இதைப் பட்டியலில் யாரும் போடமாட்டார்கள், ஏனென்றால் பிளாஸ்டிக் நாற்காலியும் டியூப் லைட்டும் போட்டோவுக்கு நன்றாக இருக்காது. எனக்குக் கேட்டால் முதல் இடம் இதற்குத்தான்.

நீங்கள் உட்கார்ந்த அரை நிமிஷத்தில் பீர் கம்பெனி சட்டை போட்ட ஒரு ஆன்ட்டி வந்து நிற்பார். டைகரா, கார்ல்ஸ்பெர்க்கா என்று கேட்பார். பெரிய பாட்டில் சொல்லுங்கள், கேனைவிட கட்டுபடியாகும். மூன்று பாட்டில் சேர்த்து எடுத்தால் விலை குறைத்துத் தருவதும் உண்டு, கேளுங்கள். பாட்டிலோடு ஒரு வாளி ஐஸ் வரும். கண்ணாடித் தம்ளரில் ஐஸ்கட்டியைப் போட்டு அதன்மேல் பீரை ஊற்றுவார். 'ஐயோ, பீரில் ஐஸா?' என்று பதறாதீர்கள். முப்பது டிகிரி புழுக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து குடிக்க அதுதான் சரி. தம்ளர் பாதி இறங்குவதற்குள் ஆன்ட்டி எங்கிருந்தோ வந்து நிரப்பிவிட்டுப் போவார். அதில்தான் கணக்குத் தப்பும். எத்தனை பாட்டில் என்று மேஜைக்கு அடியில் நிற்கும் காலி பாட்டில்களை எண்ணிக்கொண்டே இருங்கள்.

மேடையில் ஒரு அம்மா மாண்டரின் பழைய பாட்டு ஒன்று, அடுத்தது ஆங்கிலப் பழசு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பாடுவார். எழுபது வயதுச் சீனத் தாத்தா பாட்டிகள் எழுந்து வரிசையாக நின்று ஆடுவார்கள். பக்கத்து மேஜையில் பிறந்தநாள் கூட்டம் இருந்தால் எல்லோரும் தம்ளரைத் தூக்கி 'யாஆஆஆம் செங்!' என்று மூச்சு முட்டும்வரை இழுப்பார்கள். நீங்களும் சேர்ந்து இழுக்கலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். குடிக்காத உங்கள் நண்பர் இங்கேதான் ராஜா. சார் குவே தியாவ் (வறுத்த பட்டை நூடுல்ஸ்), சாத்தே (குச்சியில் சுட்ட கறி), ஐஸ் கச்சாங் (துருவிய ஐஸ் இனிப்பு) என்று அவர் ஒவ்வொரு கடையாகப் போய்வந்தால் உங்கள் இரண்டு பேரைவிட அவருக்குத்தான் நேரம் நன்றாகப் போகும்.

இரண்டாம் ராத்திரிக்கு லவ் லேன், சூலியா தெரு. நீங்கள் தங்குவதே அங்கே என்பதால் வழி சொல்லத் தேவையில்லை. லவ் லேனுக்குப் பேர் வந்த கதை பல. பக்கத்துத் தெருக்களில் இருந்த பணக்காரச் சீனர்கள் சின்ன வீடுகளை அந்தச் சந்தில் வைத்திருந்தார்கள் என்பதுதான் அதிகம் சொல்லப்படுவது. சூலியா தெரு நம்மோடு தொடர்புடையது. சூலியா என்பது அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வியாபாரிகளுக்கு இருந்த பேர். அவர்கள் தலைவர் காதர் மைதீன் 1801-இல் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அங்கிருந்து கூப்பிடு தூரம். அந்தத் தெருவில் இன்றைக்கு முதுகுப்பை மாட்டிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் பீர் குடிக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஓரத்தில் வண்டிக்கடைகள் வரும், வான்தான் மீ என்ற நூடுல்ஸ் நன்றாக இருக்கும்.

லவ் லேன் பார்கள் பலவற்றில் ஒன்பது மணி வரை ஹேப்பி ஹவர், அதாவது விலை குறைத்துத் தரும் நேரம், இருக்கும், அதற்குள் முடித்துக்கொண்டால் லாபம். அதற்குமேல் வாளியில் ஸ்ட்ரா போட்டுத் தரும் கலவைச் சரக்கு, பக்கத்துப் பக்கத்து பார்கள் போட்டிபோட்டுக்கொண்டு பாட்டு. சகபயணிகளோடு பேசிப் பழக நல்ல இடம், குடிக்க சுமாரான இடம். வாளியை மட்டும் வேண்டாம் என்பேன். உள்ளே எந்த பிராண்ட், எவ்வளவு ஊற்றினான் என்று யாருக்கும் தெரியாது.

லவ் லேனிலிருந்து திரும்பினால் ஸ்டூவர்ட் லேன். அங்கே அந்தராபங்சா என்றொரு சரக்குக் கடை இருக்கிறது. பார் என்று சொல்ல முடியாது. உள்ளே போய் ஃப்ரிட்ஜைத் திறந்து நீங்களே ஒரு கேனை எடுத்து, கல்லாவில் காசு கொடுத்து, வெளியே நடைபாதையில் கிடக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து குடிக்க வேண்டியதுதான். நம்மூர் ஒயின்ஷாப் வாசல் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள், அந்த அவமானம் இங்கே கிடையாது. ஒரு ஸ்டூலில் பெர்லின் பெண், அடுத்ததில் பக்கத்துப் பட்டறையில் வேலை முடித்த மெக்கானிக், அதற்கடுத்து டை கட்டிய வங்கிக்காரர். முழங்கால் முட்டும் நெருக்கம், அதனால் யாராவது பேச்சுக் கொடுத்தே தீருவார்கள். எனக்கு உள்ளூர்ச் சீனர்களின் ஹொக்கியன் மொழியில் தெரிந்த பத்து வார்த்தையும் அந்த ஸ்டூலில் கற்றதுதான், அதில் ஏழு இங்கே எழுதக்கூடியது இல்லை. கேன் முடிந்ததும் தெருவில் போட்டுவிட்டு வராதீர்கள், வாசலில் குப்பைத்தொட்டி இருக்கும். பார் விலையில் பாதிக்கும் கீழே ராத்திரி முடிந்துவிடும்.

மூன்றாம் ராத்திரி, காக்டெயில். ஜார்ஜ் டவுனில் ஒளிந்திருக்கும் பார்கள் ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. 2008-இல் யுனெஸ்கோ ஊரின் பழைய பகுதியை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த பிறகு இடித்துக் கட்ட முடியாது, முகப்பை மாற்ற முடியாது. வாசல் ஒடுங்கி உள்ளே ரயில்பெட்டி போல நீளும் பழைய கடைவீடுகள் அப்படியே நின்றன. முன்னால் ஒரு காபிக் கடை, பின்னால் ஒரு பார் என்று வைக்க அதைவிடத் தோதான கட்டடம் கிடையாது. காபிக் கடைக்குள் பழைய ஐஸ்பெட்டிக் கதவைத் திறந்தால் உள்ளே பார், சட்டையில் குத்தும் ஒரு பின்னை வாங்கினால் 'இலவசமாக' ஒரு காக்டெயில் என்றெல்லாம் விளையாட்டு. முன்ட்ரி தெரு, பினாங்கு ரோட்டுக்குப் பக்கத்துச் சந்துகள், இங்கெல்லாம் தேடினால் கிடைக்கும். இந்த பார்கள் அடிக்கடி இடம் மாறும், பேர் மாறும், அதனால் போகிற வாரத்தில் மேப்பில் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

உங்கள் பட்டியலில் விட்டுவைக்கச் சொன்ன இரண்டில் ஒன்று ஈ அண்ட் ஓ, மற்றது இப்படி ஒன்று. ஒன்றே போதும். ஜாதிக்காய், பாண்டான் இலை, அசாம் புளி, குலா மலாக்கா வெல்லம் சேர்த்து ஏதாவது செய்வார்கள், அதைக் கேளுங்கள். ஜாதிக்காய் பினாங்கு மலைச்சரிவில் விளைவது. வெறும் ஜாதிக்காய் ஜூஸும் உண்டு, குடிக்காதவருக்கு அதைவிட நல்ல தம்ளர் அந்த ஊரில் இல்லை.

நான்காம் ராத்திரியை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். கால் போனபோக்கில் நடந்தால் போதும். லிட்டில் இந்தியாவில் பத்து மணிவரை பாட்டு அலறும், பூக்கடை இருக்கும். கரையோரத்துச் சீனக் குடியிருப்புகளான மரத்துறைகளுக்கு, சியூ ஜெட்டி போன்றவற்றுக்கு, ராத்திரியில் போக வேண்டாம். மரப்பலகைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் தூங்குகிறார்கள். பத்து ஃபெரிங்கி கடற்கரையில் மணலில் மேஜை போட்ட பார்கள் உண்டு, ஆனால் அது நகரத்திலிருந்து மலைப்பாதையில் சுற்றிப் போகும் தூரம். மூன்று பேர் கிராப் வண்டி (போன் ஆப்பில் கூப்பிடும் டாக்ஸி) பிடித்துப் போய் வருவதானால் போங்கள்.

எந்த ராத்திரியானாலும் முடிக்க வேண்டிய இடம் நாசி கண்டார் கடை. நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் காவடித்தண்டு. இரண்டு பக்கமும் பானை தொங்கவிட்டுத் தோளில் சோறு விற்ற தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய சாப்பாடு. கடையநல்லூர், தென்காசி, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்கள் இதில் நிறைய. கேம்பல் தெருவில் ஹமீதியா 1907-லிருந்து நடக்கிறது. பினாங்கு ரோட்டில் சந்துக்குள் இருக்கும் லைன் கிளியர், ராத்திரி ஆட்டம் முடித்துவருகிறவர்களின் பழைய சரணாலயம்.

வரிசையில் நின்று தட்டை நீட்டினால் சோறு விழும். கோழியா, ஆடா, மீன் தலையா, வெண்டைக்காயா என்று கைகாட்டுங்கள். அதற்கப்புறம்தான் விஷயம். 'குவா சம்போர்' என்று சொன்னால் அந்த ஆள் நான்கு சட்டியிலிருந்து நான்கு குழம்பை, ஒவ்வொரு கரண்டியாக, ஒன்றன்மேல் ஒன்று விசிறுவார். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, கறுத்த குருமா, கடைசியில் பருப்பு. 'பஞ்சிர்' என்று சேர்த்துச் சொன்னால் சோறு மூழ்கிவிடும், வெள்ளம் என்று அர்த்தம். மலாய் தெரியாவிட்டால் தமிழிலேயே 'பாய், எல்லாக் குழம்பும் ஊத்துங்க' என்றாலும் நடக்கும். ஊற்றுகிற ஆளே நம்ம பக்கத்துக்காரராக இருப்பார். பெரிய இறால், மீன் முட்டை எடுக்கும் முன் விலை கேளுங்கள். பில் ஏறுவது அதில்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. வேலைக்குப் போன முதல் மாதம், பாதி குடித்த பீர் கேனைக் கையில் பிடித்துக்கொண்டே ஒரு நாசி கண்டார் கடைக்குள் நுழைந்துவிட்டேன். கல்லாவில் இருந்த பெரியவர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, 'தம்பி, அதை வெளிய வச்சிட்டு, கையக் கழுவிட்டு வா' என்றார். அவ்வளவுதான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கடைகளெல்லாம் ஹலால். உள்ளே மதுவைக் கொண்டுபோகக் கூடாது, குடித்துவிட்டு உள்ளே சத்தம் போடவும் கூடாது.

அதோடு சேர்த்து ஒன்று. மலேசியாவில் முஸ்லிம்கள் மது அருந்துவது ஷரியா சட்டப்படி குற்றம், மத இலாகா அதிகாரிகள் சோதனைக்கும் வருவார்கள். உங்களோடு வருகிறவர் முஸ்லிமாக இருந்தால் 'சும்மா ஒரு வாய்' என்று வற்புறுத்தாதீர்கள். உள்ளூர் மலாய் நண்பர் கிடைத்தாலும் அப்படியே. மற்றவர்களுக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும், 2017 டிசம்பரில் 18-லிருந்து ஏற்றினார்கள். இளமுகமாக இருப்பவர் பாஸ்போர்ட்டைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளட்டும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடுராத்திரியில் தனியாக நடக்கும் பெண்களை ஜார்ஜ் டவுனில் சாதாரணமாகப் பார்க்கலாம். பயப்பட வேண்டியது வேறு சிலவற்றுக்கு. பைக்கில் வந்து பையைப் பறிப்பது உண்டு, அதனால் தோள்பை ரோட்டுப் பக்கம் தொங்கக் கூடாது. மூடாத சாக்கடையும் கடைகளுக்கு முன்னால் படிபடியாக ஏறி இறங்கும் ஐந்தடிப் பாதையும் இரண்டு பீருக்கு அப்புறம் காலை வாரிவிடும். வாடகை ஸ்கூட்டரைக் குடித்த ராத்திரி தொடவே கூடாது. 2020-இல் சட்டத்தைக் கடுமையாக்கி, ரத்தத்தில் அனுமதி அளவை 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைத்துவிட்டார்கள். முதல் தடவை பிடிபட்டாலே குறைந்தது 10,000 ரிங்கிட் அபராதம், சிறையும் உண்டு. கிராப் வண்டிக்கு 10 ரிங்கிட் கொடுங்கள்.

சூலியா தெருவில் யாராவது பக்கத்தில் வந்து காதோரம் 'கஞ்சா?' என்றால் நிற்காமல் நடந்துவிடுங்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு இருந்த கட்டாய மரண தண்டனையை 2023-இல் எடுத்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் நீதிபதி விரும்பினால் கொடுக்கலாம், சிறையும் பிரம்படியும் அப்படியே இருக்கின்றன.

விலையைப் பார்த்துவிட்டு மலிவான சரக்கைத் தேடவும் கூடாது. 2018 செப்டம்பரில் கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த போலிச் சரக்கைக் குடித்து டஜன் கணக்கில் செத்தார்கள். பெரும்பாலும் நேப்பாளம், வங்கதேசம், இந்தியா என்று வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். கடை விலையில் கால்பங்குக்கு விஸ்கி கிடைத்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள். சீல் உடைக்காத பீர் போதும்.

கள் கிடைக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. தீவில் தேட வேண்டாம். பெருநிலத்துப் பக்கம் பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டக்காடு, அங்கே கள்ளுக்குப் பேர் உண்டு. தோட்டத் தமிழர்களுக்குக் கள் வெறும் குடியாக இருக்கவில்லை, கூலியை மறுபடி முதலாளி பக்கமே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடாகவும் இருந்தது. 1941-இல் கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. இதை நினைத்துக்கொண்டு குடித்தால் கொஞ்சம் வேறு மாதிரி இறங்கும். போவதானால் பகலிலேயே போங்கள், சாயங்காலத்துக்குள் புளித்துவிடும்.

கணக்கு: ஈ அண்ட் ஓ அல்லது காக்டெயில் என்று ஒரு நல்ல தம்ளர் 45, ரெட் கார்டனிலோ ஸ்டூவர்ட் லேனிலோ பீர் 30, சாப்பாடு 30, கிராப் 10. ஆக ஒரு ஆளுக்கு ராத்திரிக்கு 115 ரிங்கிட், நம் பணத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு பக்கம். குடிக்காதவருக்கு அதில் பாதிகூட ஆகாது. பீர் பில்லை மூன்றாக வகுத்து அவர் தலையிலும் கட்டிவிடாதீர்கள், நான்கு ராத்திரியில் அவருக்கு அதுதான் முதலில் கசக்கும்.

காலையில் தலை கனத்தால் மாத்திரை தேடாமல் பக்கத்து செவன் இலெவனில் 'ஹண்ட்ரட் பிளஸ்' ஒரு கேன் வாங்குங்கள். உப்பும் சர்க்கரையும் சோடாவுமாக இருக்கும், அந்த ஊரே அதற்குத்தான் குடிக்கிறது. நோன்பு மாதத்தில் போவதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பார்கள் வழக்கம்போல நடக்கும், ஆனால் நாசி கண்டார் கடைகள் பல பகலில் மூடியிருந்து நோன்பு திறக்கும் நேரத்தில்தான் சூடுபிடிக்கும். ஏழரை மணிக்கு உள்ளே போனால் இடம் கிடைக்காது, ஒன்பதுக்கு மேல் போங்கள்.